மாரடைப்புக்குப் பிறகு எக்கோவில் 40% என்று வந்தால் என்ன அர்த்தம்?

கேள்வி இது: "அப்பாவுக்கு 58 வயது. மாரடைப்பு வந்து, இதயத்தின் முன்பக்க ரத்தக்குழாயில் முழு அடைப்பு இருந்ததால் ஸ்டென்ட் வைத்தார்கள். மூன்றாம் நாள் எடுத்த எக்கோ ரிப்போர்ட்டில் இ.எஃப். 40%, எல்.ஏ.டி. பகுதியில் ஆர்.டபிள்யூ.எம்.ஏ., கிரேடு 1 டயஸ்டாலிக் டிஸ்ஃபங்ஷன், லேசான எம்.ஆர்., க்ளாட் இல்லை என்று போட்டிருக்கிறது. அப்படியென்றால் இதயத்தில் 60% செத்துவிட்டதா? ஆறு வாரம் கழித்து மறுபடியும் எக்கோ எடுக்கச் சொல்கிறார்கள். அதே சோதனையை எதற்கு இரண்டு முறை எடுக்க வேண்டும்?"

முதல் கேள்விக்கு உடனே பதில் சொல்லிவிடுகிறேன். இல்லை, 60% சாகவில்லை. இந்த ரிப்போர்ட்டைக் கையில் வாங்கும் எல்லாக் குடும்பத்திலும் இதே பயம் வருகிறது. அந்த எண்ணைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். ஆனால் இ.எஃப். என்பது எவ்வளவு தசை உயிரோடு இருக்கிறது என்பதற்கான கணக்கு இல்லை. இடது கீழறை நிரம்பியிருக்கும்போது அதில் இருக்கும் ரத்தத்தில் எத்தனை சதவீதத்தை ஒரு துடிப்பில் வெளியே தள்ளுகிறது என்பதுதான் அது. எந்த நோயும் இல்லாத இதயம்கூட உள்ளே இருப்பதை முழுதாகக் காலி செய்யாது. ஆண்களுக்கு 52 முதல் 72 வரையும், பெண்களுக்கு 54 முதல் 74 வரையும் இயல்பு என்று எடுத்துக்கொள்கிறோம். அதனால் அப்பாவின் 40-ஐ 100-உடன் ஒப்பிடக் கூடாது. 60-ஐ ஒட்டிய ஒரு எண்ணுடன் ஒப்பிட வேண்டும். குறைந்திருக்கிறது என்பது உண்மை. அது மூன்றில் ஒரு பங்கு குறைவு, மூன்றில் இரண்டு பங்கு இழப்பு இல்லை. அதிலும், மூன்றாம் நாள் எடுத்த எண் நிலையான எண்ணே இல்லை. உங்கள் இரண்டாவது கேள்விக்கான பதிலும் அதில்தான் இருக்கிறது. அதற்கு வர, எக்கோவில் நாங்கள் எதைப் பார்க்கிறோம் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

எக்கோ என்பது அல்ட்ராசவுண்ட்தான். காதுக்குக் கேட்காத ஒலியை மார்புக்குள் அனுப்பி, அது எங்கெங்கே மோதித் திரும்புகிறது என்பதை வைத்துப் படம் வரைகிற கருவி. கதிர்வீச்சு கிடையாது, எத்தனை முறை வேண்டுமானாலும் எடுக்கலாம். ஒலிக்குக் காற்றும் எலும்பும் ஆகாது. அதனால்தான் ஜெல் தடவுகிறோம், இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்கச் சொல்கிறோம், விலா எலும்புகளின் இடைவெளியைத் தேடி, ஒலியை அனுப்பும் ப்ரோப் என்ற கைக்கருவியை நகர்த்துகிறோம், மூச்சை வெளியே விட்டு நிறுத்தச் சொல்கிறோம். இதன் தொடக்கம் 1953. ஸ்வீடனில் லுண்ட் நகரத்தில் எட்லர் என்ற இதய மருத்துவரும் ஹெர்ட்ஸ் என்ற இயற்பியலாளரும் சேர்ந்து, உலோகத்தில் விரிசல் இருக்கிறதா என்று சோதிக்கும் கருவியை மனித மார்பின் மேல் வைத்துப் பார்த்தார்கள். இதயச் சுவர் அசைவதை ஒலியால் பதிவு செய்ய முடியும் என்பது அப்போதுதான் தெரிந்தது.

மாரடைப்பில் இந்த அசைவு ஏன் அவ்வளவு முக்கியம்? ரத்தம் நின்றவுடன் தசை முதலில் இழப்பது வேலை செய்யும் திறனை. உயிரை இழப்பது அதற்கு வெகு நேரம் கழித்துத்தான். 1935-இலேயே டென்னன்ட், விக்கர்ஸ் என்ற இருவர் விலங்குகளின் இதயத்தில் ஒரு ரத்தக்குழாயைக் கட்டிவிட்டுக் கவனித்தார்கள். ஒரு நிமிடத்துக்குள் அந்தப் பகுதி சுருங்குவதை நிறுத்திவிட்டு, மற்ற பகுதிகள் சுருங்கும்போது வெளிப்பக்கமாகப் பிதுங்கியது. இ.சி.ஜி. மாறுவதற்கு முன்பே, நெஞ்சு வலி தொடங்குவதற்கு முன்பே சுவரின் அசைவு கெட்டுவிடுகிறது. நெஞ்சு வலியோடு வந்தவருக்கு இ.சி.ஜி. தெளிவாக இல்லாதபோது அவசரப் பிரிவிலேயே எக்கோ வைத்துப் பார்ப்பது இதனால்தான்.

தசை சாவது அப்புறம், அதுவும் ஒரே நேரத்தில் இல்லை. உட்பக்க அடுக்கு முதலில் சாகிறது, அங்கிருந்து வெளிப்பக்கம் நோக்கி மணிக்கணக்கில் பரவுகிறது. 1970-களில் ரைமரும் ஜென்னிங்ஸும் நாய்களின் இதயத்தில் இதைக் காட்டினார்கள். நடுவில் அடைப்பைத் திறந்துவிட்டால் அந்தப் பரவல் அங்கேயே நின்றுவிடும். வெளி அடுக்கு பிழைத்துக்கொள்ளும். அப்பாவுக்கு ஸ்டென்ட் வைத்ததன் முழு நோக்கமும் இதுதான். ஆகவே அவருடைய முன்சுவரில் இப்போது மூன்று வகைத் தசை பக்கத்துப் பக்கத்தில் இருக்கலாம்: செத்தது, நன்றாக இருப்பது, உயிரோடு இருந்தும் வேலை செய்யாமல் கிடப்பது. மூன்றாவது வகைதான் இந்த விஷயத்தின் மையம். அதற்குத் திரும்பி வருகிறேன்.

சரி, திரையில் என்ன பார்க்கிறோம்? பலரும் நினைப்பது சுவர் எவ்வளவு அசைகிறது என்பதை. அது பாதிதான். அசைவு ஏமாற்றும். நடக்க முடியாதவரை இரண்டு பக்கமும் தோளில் தாங்கிக் கூட்டிக்கொண்டு போனால் தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு மூவரும் நடப்பது போலத்தானே தெரியும். செத்த தசையும் பக்கத்து நல்ல தசைகளின் இழுப்பில் அப்படி உள்ளே வந்து போகும். ஏமாற்ற முடியாத அடையாளம் தடிப்பு. நல்ல தசை சுருங்கும்போது தடிமனாகும். 9 மில்லிமீட்டர் இருக்கும் சுவர் சுருக்கத்தின் உச்சத்தில் 13, 14 ஆகும். செத்த தசை எங்கே இழுக்கப்பட்டாலும் 9, 9-ஆகவே இருக்கும். அதனால் படத்தை மெதுவாக ஓடவிட்டு, சுவரின் உள் விளிம்பு, வெளி விளிம்பு இரண்டையும் ஒரே நேரத்தில் பார்க்கிறோம். சந்தேகம் இருந்தால் ஒரு துடிப்பை மட்டும் வெட்டி, சுருங்கத் தொடங்கும் கணத்திலிருந்து சுருங்கி முடியும் கணம் வரை ஒவ்வொரு படமாக நகர்த்திப் பார்ப்போம். நான் முன்சுவரைப் பார்க்கும்போது அதற்கு எதிரே இருக்கும் கீழ்ச்சுவரைக் கையால் மறைத்துக்கொள்வதும் உண்டு. எதிர்ச்சுவரின் பலமான அசைவு கண்ணைத் தன் பக்கம் இழுத்துவிடும்.

இடது கீழறையை 16 துண்டுகளாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் போடும் முறை உண்டு. நன்றாகத் தடித்தால் 1. குறைவாகத் தடித்தால் 2, அது ஹைப்போகைனீசியா. தடிக்கவே இல்லை என்றால் 3, அது அகைனீசியா. மற்றவை சுருங்கும்போது இது வெளியே பிதுங்கினால் 4, அது டிஸ்கைனீசியா. ரிப்போர்ட்டில் உள்ள ஆர்.டபிள்யூ.எம்.ஏ. என்பது இப்படி ஒரு பகுதியில் மட்டும் சுவரின் வேலை கெட்டிருக்கிறது என்பதைக் குறிக்கும். எல்.ஏ.டி. என்பது முன்பக்க ரத்தக்குழாய். அது முன்சுவருக்கும், இரண்டு கீழறைகளுக்கும் நடுவிலுள்ள இடைச்சுவரின் பெரும்பகுதிக்கும், இதயத்தின் நுனிக்கும் ரத்தம் தருகிறது. வலது ரத்தக்குழாய் பெரும்பாலும் கீழ்ச்சுவருக்கும், சுற்றிச் செல்லும் குழாய் பக்கச் சுவருக்கும் போகிறது. அப்பாவுக்குக் கெட்டிருக்கும் பகுதியும் ஆஞ்சியோவில் அடைத்திருந்த குழாயும் ஒத்துப்போகின்றன. ஒத்துப்போகாவிட்டால்தான் வேறு யோசனை வரும். உதாரணமாக, பெரிய அதிர்ச்சியிலோ துக்கத்திலோ நுனி முழுவதும் வேலை நிறுத்தி பலூன் போல விரியும் டாகோட்சுபோ என்ற நிலை உண்டு. அதில் கெட்ட பகுதி எந்த ஒரு ரத்தக்குழாயின் எல்லைக்குள்ளும் அடங்காது. இன்னொன்று, இதயத்தின் மின் இணைப்பில் இடது கிளை தடைப்பட்டிருந்தாலோ பேஸ்மேக்கர் ஓடிக்கொண்டிருந்தாலோ இடைச்சுவர் தாறுமாறாக அசையும், ஆனால் தடிக்கும். தடிப்பைப் பார்க்கப் பழகியவர் அதை மாரடைப்பு என்று எழுதமாட்டார்.

இப்போது அந்த 40-க்கு வருவோம். இதை நம்பத்தகுந்த முறையில் கணக்கிட, நுனியிலிருந்து இரண்டு வேறு கோணங்களில் படம் எடுத்து, உள் விளிம்பைக் கையால் வரைந்து, கீழறையை மெல்லிய வட்டத் தட்டுகளின் அடுக்காகப் பாவித்து மொத்தக் கொள்ளளவைக் கணக்கிடுகிறோம். சிம்ப்சன் முறை என்று ரிப்போர்ட்டில் இருந்தால் அது இதுதான். ஒரே கோட்டில் குறுக்களவை மட்டும் எடுத்து இ.எஃப். கணக்கிடும் பழைய முறை ஒன்றும் இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. ரிப்போர்ட்டில் டைக்ஹோல்ஸ் அல்லது எம்-மோட் என்று இருக்கும். கீழறை முழுக்க ஒரே மாதிரி சுருங்குகிறவருக்கு அது பரவாயில்லை. மாரடைப்புக்குப் பிறகு அது பொருந்தவே பொருந்தாது. அந்தக் கோடு வெட்டுவது அடிப்பகுதியை. அப்பாவுக்குக் கெட்டிருப்பது நுனிப்பக்கம். நன்றாக வேலை செய்யும் இடத்தை மட்டும் அளந்துவிட்டு, 60% என்று எழுதி அனுப்பிய ரிப்போர்ட்டுகளைப் பார்த்திருக்கிறேன். குடும்பம் நிம்மதியாக வீட்டுக்குப் போய்விடும், நோயாளிக்கு வர வேண்டிய மருந்து வராமல் போகும். இது எனக்கு மிகவும் வருத்தம் தரும் விஷயம், ஏனென்றால் முழுக்கத் தவிர்க்கக்கூடியது. முன்சுவர் மாரடைப்பு வந்தவருக்கு எந்த முறையில் இ.எஃப். எடுத்தீர்கள் என்று தயங்காமல் கேளுங்கள்.

சரியான முறையில் எடுத்த 40-ம் தனியாக நின்றால் அதிகம் சொல்லாது. இரண்டு பேரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவருக்குக் கீழறை நிரம்பும்போது 120 மில்லி, சுருங்கிய பிறகு உள்ளே மிஞ்சுவது 72. வெளியே போனது 48, அதாவது 40%. இன்னொருவருக்கு நிரம்பும்போது 200, மிஞ்சுவது 120. வெளியே போனது 80, அதுவும் 40%. ரிப்போர்ட்டின் கடைசி வரியில் இரண்டு பேருக்கும் ஒரே எண். ஆனால் இரண்டாவது இதயம் விரிந்துவிட்டது. செத்த பகுதி வேலை செய்யாததை ஈடுகட்ட மீதி இதயம் பெரிதாகி, சுவர் இழுபட்டு, உருவமே மாறத் தொடங்கியிருக்கிறது. இதை ரீமாடலிங் என்கிறோம். வாரங்களிலும் மாதங்களிலும் நடக்கும் இந்த மாற்றம்தான் பிற்பாடு இதயச் செயலிழப்புக்குக் கொண்டுபோய் விடுகிறது. மாரடைப்பிலிருந்து மீண்டவர்களில் யார் நீண்ட நாள் வாழ்கிறார்கள் என்று ஹார்வி வைட் குழுவினர் 1987-ல் ஆராய்ந்தபோது, இ.எஃப்.-ஐ விட, சுருங்கிய பிறகு உள்ளே மிஞ்சும் அந்த அளவுதான் நன்றாக முன்னறிவித்தது. இந்த விரிவைத் தடுக்க முடியும் என்பதற்கும் ஆதாரம் உண்டு. 1992-ல் வெளியான சேவ் ஆய்வில் இ.எஃப். 40% அல்லது அதற்குக் குறைவாக இருந்த 2,231 பேரைச் சேர்த்தார்கள். கேப்டோப்ரில் மாத்திரை எடுத்துக்கொண்டவர்களில் இறப்பு குறைந்தது. அப்பாவின் மருந்துச் சீட்டில் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த மாத்திரை ஒன்று அநேகமாக இருக்கும். ரத்த அழுத்தம் சரியாகத்தானே இருக்கிறது, இது எதற்கு என்று நிறுத்திவிடுகிறவர்கள் நிறைய. இங்கே அது ரத்த அழுத்தத்துக்காகக் கொடுப்பதில்லை, கீழறை விரியாமல் இருப்பதற்காகக் கொடுப்பது.

ஆகவே ரிப்போர்ட்டில் கொள்ளளவு எண்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஈ.டி.வி. (நிரம்பும்போது உள்ள அளவு), ஈ.எஸ்.வி. (சுருங்கிய பிறகு மிஞ்சும் அளவு) என்று இருக்கும். அடுத்த எக்கோவில் இ.எஃப்.-உடன் அவற்றையும் ஒப்பிட வேண்டும்.

ஒப்பிடும்போது ஒரு எச்சரிக்கை. ஒரே ஆளுக்கு ஒரே நாளில் இரண்டு பேர் எக்கோ எடுத்தால் இ.எஃப்.-ல் ஐந்து, சில நேரம் பத்து புள்ளி வரை வித்தியாசம் வரலாம். விளிம்பைக் கையால் வரைகிறோம், கோணம் சற்று மாறும், நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் அந்த நேரத்தில் வேறாக இருக்கும். 40 என்பது 43 ஆனால் தேறிவிட்டார் என்றோ, 37 ஆனால் மோசமாகிவிட்டார் என்றோ எடுத்துக்கொள்ளக் கூடாது. 40 என்பது 50 ஆனால், கொள்ளளவும் குறைந்திருந்தால், முன்பு தடிக்காத துண்டுகள் இப்போது தடித்தால், அது நிஜமான முன்னேற்றம். முடிந்தால் அதே இடத்தில், அதே கருவியில் எடுங்கள். பழைய ரிப்போர்ட்டை மட்டும் கொண்டுபோகாமல் பழைய வீடியோ பதிவையும் கேட்டு வாங்கிக் கொண்டுபோங்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிட்டுப் பார்ப்பதற்கு ஈடான ஒப்பீடு வேறு இல்லை.

இனி அந்த மூன்றாவது வகைத் தசை. ரத்தம் நின்று, சாவதற்கு முன் ரத்தம் திரும்பக் கிடைத்த தசை உடனே வேலைக்குத் திரும்பாது. ரத்த ஓட்டம் இயல்பாகிவிட்டாலும் நாள்கணக்கில், வாரக்கணக்கில் சுருங்காமல் கிடக்கும். 1982-ல் பிரான்வால்டும் க்ளோனரும் இதற்கு ஸ்டன்னிங் என்று பெயர் வைத்தார்கள். மூன்றாம் நாள் எக்கோவில் செத்த தசையும் ஸ்டன் ஆன தசையும் ஒரே மாதிரி இருக்கும். இரண்டும் தடிக்காது. திரையைப் பார்த்து இது செத்தது, இது பிழைக்கும் என்று அந்த நாளில் யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. நாள் போகப் போக இரண்டும் பிரியும். ஸ்டன் ஆனது மெல்ல மெல்லத் தடிக்கத் தொடங்கும். செத்தது தழும்பாகி, மெலிந்து, படத்தில் வெள்ளையாகப் பளிச்சென்று தெரியும். 6 மில்லிமீட்டருக்கும் குறைவாக மெலிந்த சுவர் திரும்ப வேலை செய்வது அரிது. ஆறு வாரம் என்பது இந்தப் பிரிவு பெரும்பாலும் முடிந்திருக்கும் காலம். அதற்கு முன் எடுக்கும் எண்ணை வைத்து எதிர்காலத்தைத் தீர்மானிப்பது நோயாளிக்கு அநியாயம் செய்வது. குழாயை நேரத்தோடு திறந்த ஒருவருக்கு முதல் வாரத்து 40 ஆறாவது வாரத்தில் 50-ஐத் தொடுவது சர்வசாதாரணமாக நடப்பது. எல்லாருக்கும் நடக்கும் என்று சொல்லமாட்டேன். எவ்வளவு நேரம் கழித்துக் குழாயைத் திறந்தார்கள் என்பது பெரிய விஷயம்.

இந்தக் காத்திருப்புக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. இ.எஃப். மிகவும் குறைந்தவர்களுக்குத் திடீரென இதயத்துடிப்பு தாறுமாறாகி மரணம் நேரும் ஆபத்து உண்டு. அதைத் தடுக்க ஐ.சி.டி. என்ற கருவியைத் தோலுக்கடியில் வைப்பார்கள். தேவைப்படும்போது அது தானே ஷாக் கொடுக்கும். 2002-ல் வந்த மேடிட்-2 ஆய்வில், பழைய மாரடைப்பும் 30% அல்லது அதற்குக் குறைவான இ.எஃப்.-உம் உள்ளவர்களுக்கு அது உயிர் காத்தது. அப்படியென்றால் மாரடைப்பு வந்தவுடனே வைத்துவிட்டால் இன்னும் நல்லதுதானே என்று 2004-ல் டினமிட் ஆய்வு பார்த்தது. 6 முதல் 40 நாட்களுக்குள் வைத்ததில் மொத்த இறப்பு குறையவில்லை. அதனால் மாரடைப்புக்குப் பிறகு குறைந்தது 40 நாள் மருந்து கொடுத்து, ஸ்டென்ட் வைத்தவர் என்றால் சுமார் மூன்று மாதம் வரை பார்த்து, அப்போதும் 35% அல்லது அதற்குக் கீழே இருந்தால்தான் அந்தப் பேச்சை எடுக்கிறோம். அப்பாவின் எண் இப்போதே அந்தக் கோட்டுக்கு மேலே இருக்கிறது.

ரிப்போர்ட்டில் மீதமிருக்கும் வரிகளையும் சொல்லிவிடுகிறேன். க்ளாட் இல்லை என்பது நல்ல செய்தி, ஆனால் மூன்றாம் நாளைய நல்ல செய்தி. நுனி அசையாமல் கிடந்தால் அங்கே ரத்தம் தேங்கி உறையும். அது பிய்த்துக்கொண்டு போனால் மூளைக்குப் போய்ப் பக்கவாதம் வரலாம். பெரும்பாலும் இது உருவாவது முதல் இரண்டு வாரங்களுக்குள். அப்பாவுக்குக் கெட்டிருப்பது நுனி சேர்ந்த பகுதி என்பதால், நுனி முழுதாகத் தடிக்கவில்லை என்று இருந்தால் ஆறு வாரம் வரை காத்திருக்காமல் நடுவில் ஒருமுறை நுனியை மட்டும் பார்த்துக்கொள்ளலாமா என்று டாக்டரிடம் கேட்பது நியாயமான கேள்வி. படம் தெளிவாகக் கிடைக்காதவர்களுக்கு, ரத்தநாளம் வழியாக நுண்குமிழிகள் கொண்ட மருந்தைச் செலுத்தி எக்கோ எடுத்தால் கீழறை முழுக்க வெள்ளையாக நிரம்பும். உறைந்த கட்டி இருந்தால் அந்த இடம் மட்டும் கறுப்பாகத் தெரியும். கட்டி இருந்தால் ரத்தம் உறையாமல் இருக்கும் மருந்தைச் சில மாதம் கொடுப்பார்கள்.

லேசான எம்.ஆர். என்றால் இடது பக்கத்து மைட்ரல் வால்வு கொஞ்சம் ஒழுகுகிறது. லேசானதாக இருக்கும்வரை கவலை இல்லை. ஆனால் கீழறை விரிந்தால் வால்வும் இழுபட்டு ஒழுக்கு கூடும். கூடினால் இன்னொரு சிக்கலும் வரும்: பின்பக்கமாக மேலறைக்குப் போகும் ரத்தத்தையும் இ.எஃப். கணக்கு வெளியே போனதாகவே எடுத்துக்கொள்ளும். ஒழுக்கு அதிகமுள்ளவரின் 50% உண்மையில் அவ்வளவு நல்ல 50% இல்லை.

கிரேடு 1 டயஸ்டாலிக் டிஸ்ஃபங்ஷன், கேட்கப் பயமாக இருக்கும். தசை தளர்ந்து விரிவது சற்று மெதுவாக நடக்கிறது என்பதுதான். 58 வயதில் மாரடைப்பே வராத பலருக்கும் இருக்கும். சொல்லப்போனால் இந்த நிலையில் கிரேடு 1 நல்ல செய்தி. இதயத்துக்குள் அழுத்தம் ஏறவில்லை, நுரையீரலில் நீர் தேங்கும் நிலைமை இப்போது இல்லை என்று அது சொல்கிறது. கிரேடு 2, 3 என்று ஏறினால்தான் யோசிக்க வேண்டும்.

ரிப்போர்ட்டில் இல்லாத, ஆனால் எக்கோ எடுத்தவர் கட்டாயம் தேடிப் பார்த்திருக்கும் சில விஷயங்கள் உண்டு. முதல் வாரத்தில் செத்த தசை கிழியலாம். இடைச்சுவர் கிழிந்து ஓட்டை விழலாம், வால்வைத் தாங்கும் பாப்பிலரித் தசை அறுந்து திடீரென்று பெரிய ஒழுக்கு வரலாம், வெளிச்சுவரே கிழிந்து இதயத்தைச் சுற்றி ரத்தம் சேரலாம். அரிதானவை, ஆனால் சில மணி நேரத்தில் உயிரை எடுப்பவை. நன்றாகத் தேறிக்கொண்டிருந்தவர் திடீரென்று மூச்சுத் திணறினாலோ ரத்த அழுத்தம் விழுந்தாலோ படுக்கைக்கே கருவியைத் தள்ளிக்கொண்டு ஓடுவது இதற்காகத்தான். கீழ்ச்சுவர் மாரடைப்பில் வலது கீழறையும் சேர்ந்து அடிபட்டிருக்கிறதா என்று பார்ப்பதும் முக்கியம். அப்படி இருந்தால் நெஞ்சு வலிக்கு நாக்குக்கு அடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரைகூட ரத்த அழுத்தத்தை அபாயமாகக் குறைத்துவிடும். அப்பாவுக்கு வந்தது முன்சுவரில் என்பதால் இது அவருக்குப் பெரிதாகப் பொருந்தாது.

ஆறு வாரம் கழித்து எடுக்கும் இடத்தில் ஸ்ட்ரெய்ன் என்ற அளவையும் எடுக்கலாம். அல்ட்ராசவுண்ட் படத்தில் தசை முழுக்கப் புள்ளி புள்ளியாகத் தெரியும். ஒவ்வொரு புள்ளிக் கூட்டத்தையும் கணினி பின்தொடர்ந்து, தசை நீளவாக்கில் எத்தனை சதவீதம் சுருங்குகிறது என்று சொல்லும். இயல்பாக அது மைனஸ் 20-ஐ ஒட்டி இருக்கும். நீளம் குறைவதால் மைனஸ். நீளவாக்கில் ஓடும் இழைகள் அதிகம் இருப்பது உள் அடுக்கில், மாரடைப்பில் முதலில் அடிபடுவதும் அதே அடுக்குதான். அதனால் இ.எஃப். இயல்புக்கு வந்த பிறகும் மிஞ்சியிருக்கும் பாதிப்பை ஸ்ட்ரெய்ன் காட்டிக்கொடுக்கும். கருவிக்குக் கருவி எண் மாறும் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னும் தடிக்காத தசையில் உயிர் இருக்கிறதா என்ற சந்தேகம் தொடர்ந்தால் டோபுடமைன் எக்கோ உண்டு. அந்த மருந்தைக் குறைந்த அளவில் ஏற்றும்போது சும்மா கிடந்த தசை சுருங்கத் தொடங்கினால் அது உயிரோடு இருக்கிறது. அளவைக் கூட்டும்போது மறுபடி நின்றுபோனால் அதற்குப் போகும் ரத்தம் இன்னும் போதவில்லை. தழும்பை நேரடியாகப் பார்க்க எம்.ஆர்.ஐ.தான் சிறந்தது. அப்பாவுக்கு இப்போதைக்கு இரண்டும் தேவைப்படாது என்றே நினைக்கிறேன். பெரும்பாலானவர்களுக்கு ஆறு வார எக்கோவே போதும்.

எக்கோவால் முடியாத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். அது ரத்தக்குழாய் அடைப்பைக் காட்டாது. எக்கோ நன்றாக இருக்கிறது, அதனால் ஸ்டென்ட் திறந்தே இருக்கிறது என்று நினைத்து ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுத்த மாத்திரைகளை நிறுத்துவது மிக ஆபத்தானது. அந்த மாத்திரைகளுக்கும் இ.எஃப்.-க்கும் சம்பந்தமில்லை. அதே போல இ.எஃப். 55 ஆகிவிட்டது என்று மற்ற மருந்துகளையும் நீங்களாகக் குறைக்காதீர்கள். அந்த 55 வந்ததில் மருந்துக்கும் பங்கு இருக்கிறது.

ஆறு வாரத்துக்குள் அப்பாவுக்குப் படுத்தால் மூச்சு முட்டி எழுந்து உட்கார வேண்டியிருந்தாலோ, கால் வீங்கினாலோ, இரண்டு மூன்று நாளில் எடை இரண்டு கிலோ கூடினாலோ குறித்த தேதி வரும் என்று காத்திருக்க வேண்டாம். அன்றைக்கே போய் எக்கோ எடுங்கள். நெஞ்சு வலி திரும்ப வந்தாலோ, மயக்கம் போட்டாலோ, முகமோ கையோ ஒரு பக்கம் இழுத்தாலோ எக்கோ மையத்துக்குப் போகாமல் நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள்.